மூக்குல ஈயத்தை ஒட்டிக்கிட்டு எடைக் கணக்கு பேசாதீங்க

யானை வாங்கினவன் அங்குசத்துக்குப் பேரம் பேசின கதை கேள்விப்பட்டிருப்பீங்க. எங்க மைதானத்துல அது வாராவாரம் நேரிலேயே நடக்குது. டர்பைன் என்ஜினுக்கு மட்டும் ரெண்டாயிரம் டாலருக்கு மேல. விமான உடல், உள்ளே மடங்குகிற சக்கரம், பிரேக், பத்து சர்வோன்னு அதுக்கு மேலயும் ஆகுது. எல்லாத்துக்கும் கிரெடிட் கார்டைக் கண்ணை மூடிக்கிட்டுத் தேய்ச்ச மனுஷன், இத்தனையையும் ஆகாயத்துல கட்டுப்பாட்டுல வெச்சிருக்கிற ரிசீவர் பேட்டரின்னு வரும்போது மட்டும் திடீர்னு சிக்கன சிகாமணி ஆயிடறார். "வீட்ல பழைய லிப்போ ஒண்ணு சும்மா கிடக்கு, அதையே போட்டுக்கறேன்." சும்மா கிடக்குதாம்!

இந்தப் பதிவு அவருக்காக. அவருக்குப் பக்கத்துல நின்னு "லிப்போதான் பாஸ் லைட்டு, மத்ததெல்லாம் பழைய காலம்"னு ஏத்தி விடறவருக்காகவும்தான். என் கட்சியை முதல்லயே சொல்லிடறேன். பத்துப் பன்னிரண்டு கிலோ எடையுள்ள சாதாரண மாடல் ஜெட்டுக்கு ரெண்டு செல் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி, தனித்தனியா ரெண்டு. நடுவுல ரெகுலேட்டர் கிடையாது. இதுக்கு மேல யோசிக்க வேண்டிய இடங்கள் இருக்கு, அதையும் சொல்றேன். ஆனா ஆரம்பிக்க வேண்டிய இடம் இதுதான்.

விஷயம் தெரியாம எட்டிப் பார்க்கிறவங்களுக்கு ஒரு நிமிஷம். மாடல் ஜெட்டுன்னா இப்போ நிஜமான குட்டி டர்பைன்தான். மண்ணெண்ணெய் வகை எரிபொருளும் கொஞ்சம் எண்ணெயும் கலந்து குடிக்கும், நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல சுத்தும். அதுல பொதுவா ரெண்டு விதமான பேட்டரி இருக்கும். ஒண்ணு ஈ.சி.யூ.ங்கிற என்ஜின் மூளைக்கும், எரிபொருள் பம்புக்கும், ஸ்டார்ட்டர் மோட்டாருக்கும். இன்னொண்ணு ரிசீவருக்கும் சர்வோக்களுக்கும். முதலாவது செத்தா என்ஜின் நிக்கும், கிளைடர் மாதிரி இறக்கிடலாம். ரெண்டாவது செத்தா நீங்க கையில வெச்சிருக்கிற டிரான்ஸ்மிட்டர் ஒரு பிளாஸ்டிக் பொட்டி. அவ்வளவுதான்.

"ஃபெயில்சேஃப் இருக்கே?" அப்படீன்னு கேப்பாங்க. இருக்கு, யார் இல்லைன்னா. சிக்னல் போனா என்ஜின் அணையணும்ங்கிறது அதோட முக்கியமான வேலை. ரிசீவருக்குக் கரண்ட் போனாலும், தனக்கு வர்ற துடிப்பு நின்னதைப் பார்த்து ஈ.சி.யூ. தன் சொந்த பேட்டரியில உக்காந்துக்கிட்டு என்ஜினை அணைச்சுடும். சரி, என்ஜின் நின்னுடுச்சு. விமானம் நின்னுச்சா? எலிவேட்டரை நடுவுக்குக் கொண்டு வான்னு சர்வோவுக்கு ஆணை போடணும்னாக்கூட ரிசீவருக்கும் சர்வோவுக்கும் கரண்ட் வேணுமே. பேட்டரி போன இடத்துல ஃபெயில்சேஃப் பாதி வேலைதான் செய்யும்ங்கிறதை இந்த ஆளுங்க யோசிக்கறதே இல்லை.

மீதிப் பாதி என்னன்னு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்து கிலோ விமானம், வினாடிக்கு 80 மீட்டர் வேகம். அமெரிக்காவுல ஏ.எம்.ஏ. விதிப்படி டர்பைன் மாடல்களுக்கு உச்ச வரம்பு மணிக்கு 200 மைல், அதாவது வினாடிக்கு 89 மீட்டர். நான் அதுக்குக் கீழேயே எடுத்துக்கறேன். பள்ளிக்கூடத்துல படிச்ச அரை எம் வி ஸ்கொயர்: 32,000 ஜூல். ஆயிரம் கிலோ கார் ஒண்ணு மணிக்கு 29 கிலோமீட்டர் வேகத்துல வந்து மோதுறதுக்குச் சமம். ஆனா கார் தன் முகப்பு முழுசுலயும் மோதும், இது கைமுட்டி அளவு மூக்கால மோதும். கூடவே ரெண்டு மூணு லிட்டர் எரிபொருள். மைதான ஓரத்துல நாற்காலி போட்டு உக்காந்திருக்கிற வீட்டம்மாவும் பிள்ளைகளும் உங்க பேட்டரி சிக்கனத்தோட பங்குதாரர்கள். அவங்ககிட்ட யாரும் கையெழுத்து வாங்கலை. எனக்குக் கோபம் வர்றது இங்கதான். உங்க விமானம் உங்க காசு, அது நொறுங்கினா எனக்கென்ன?

சரி, கட்சிகளை ஒவ்வொண்ணா எடுத்துக்குவோம்.

முதல்ல நிக்கல் கட்சி. நாலு செல், அஞ்சு செல் நிக்கல் காட்மியம். அது ஐரோப்பாவுல 2006 சட்டத்துக்கு அப்புறம் ஓரம் கட்டப்பட, நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு. "முப்பது வருஷமா பறக்கிறேன், ஒண்ணும் ஆனதில்லை" அப்படிங்கிற பெரியவர்கள் கட்சி. இவங்க மேல எனக்கு மரியாதை உண்டு. ஒரு விஷயத்துல இவங்க சொல்றது நியாயமும்கூட: நிக்கல் பேட்டரி பொறுமைசாலி, தப்பா நடத்தினாலும் தீப்பிடிச்சு எரியாது. 2005-ல சான்யோ எனெலூப் கொண்டு வந்ததுக்கு அப்புறம், சும்மா வெச்சா தானா வடிஞ்சு போற குறையும் பெரும்பாலும் தீர்ந்துபோச்சு.

ஆனா முப்பது வருஷத்துக்கு முன்னாடி அவர் பறக்க விட்டது நாலு சர்வோ வெச்ச பயிற்சி விமானம். இன்னைக்கு ஜெட்டுல இருக்கிறது டிஜிட்டல் சர்வோ, எட்டிலிருந்து பன்னிரண்டு. ஒரு இழு இழுத்துத் திருப்பும்போது எல்லாம் சேர்ந்து கண நேரத்துக்குப் பத்து ஆம்பியர் கேக்கறது சர்வ சாதாரணம். பென்சில் செல் அளவுள்ள நல்ல நிக்கல் செல்லோட உள்தடை 25 மில்லி ஓம்னு வெச்சுக்குங்க. அஞ்சு செல்லுக்கு 125. பத்து ஆம்பியர்ல ஒண்ணேகால் வோல்ட் செல்லுக்குள்ளேயே காலி. 6.0 வோல்ட் பேட்டரி 4.75-க்கு இறங்கிடும். வயர், ஸ்விட்ச், கனெக்டர் கணக்கு இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. நாலு செல்லுன்னா 3.8 வோல்ட். பழைய 72 மெகாஹெர்ட்ஸ் ரிசீவரா இருந்தா அந்தக் கணத்துல கொஞ்சம் தடுமாறி உடனே சுதாரிச்சுக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவர் அப்படி இல்லை. அது ஒரு கம்ப்யூட்டர். வோல்டேஜ் ஒரு எல்லைக்குக் கீழ போனா அணைஞ்சு, மறுபடி பூட் ஆகி, டிரான்ஸ்மிட்டரைத் தேடிப் பிடிக்கும். ஆரம்ப காலத்து ரிசீவர்களுக்கு இதுக்குச் சில வினாடிகள் ஆச்சு. இப்போ ரொம்பக் குறைஞ்சிருக்கு. ஆனாலும் வினாடிக்கு 80 மீட்டர்ங்கிறதை மறந்துடாதீங்க. ஒரே வினாடின்னாலும் ரெண்டு பெரிய ரயில் பெட்டி நீளத்துக்கு மேல.

அதனால நிக்கல் கட்சிக்கு என் வணக்கம். பயிற்சி விமானத்துக்கு மகராசனா வெச்சுக்குங்க.

அடுத்து லிப்போ கட்சி. இன்னைக்கு ஆளுங்கட்சி இதுதான். இதுல ரெண்டு கோஷ்டி. ஒரு கோஷ்டி லிப்போவை ரெகுலேட்டர் வழியா 6 வோல்ட்டுக்கு இறக்கிக் கொடுக்கும். இன்னொரு கோஷ்டி ஹை வோல்டேஜ் சர்வோ வாங்கி, 8.4 வோல்ட்டை அப்படியே ஊத்தும்.

ரெகுலேட்டர் கோஷ்டியை முதல்ல பார்ப்போம். சராசரியா மூணு ஆம்பியர் போகுதுன்னு வைங்க (இது எங்கிருந்து வந்த எண்ணுன்னு கீழ சொல்றேன்). லீனியர் ரெகுலேட்டர்ங்கிறது மிச்ச வோல்டேஜை வெப்பமா மாத்தித் தூக்கி எறியற சாமான். 8.4-லிருந்து 6.0-க்கு இறக்கினா 2.4 வோல்ட், மூணு ஆம்பியர்: ஏழு வாட்டுக்கு மேல சூடு. பத்து ஆம்பியர் உச்சத்துல 24 வாட். சின்ன சோல்டரிங் அயர்ன் ஒண்ணை ஃபைபர் கிளாஸ் உடலுக்குள்ள மூடி வெச்ச மாதிரி. வெயில்ல ஒரு மணி நேரம் நின்ன கறுப்பு மேல்மூடி விமானத்துக்குள்ள காத்தோட்டம் எப்படி இருக்கும்னு நான் சொல்லணுமா? சூடு தாங்காம ரெகுலேட்டர் தன்னைக் காப்பாத்திக்க அவுட்புட்டைக் குறைக்கும். நல்ல குணம்தான். ஆனா அது தன்னைக் காப்பாத்திக்குது, விமானத்தை இல்லை.

இதைவிட அடிப்படையான ஒரு விஷயம் இருக்கு. ரெண்டு பேட்டரி எதுக்குப் போடறோம்? ஒண்ணு செத்தா இன்னொண்ணு காப்பாத்தணும்னு. அந்த ரெண்டையும் கொண்டு போய் ஒரே ரெகுலேட்டர்ல சொருகினா? ரெண்டு கதவு வெச்ச வீட்டுக்கு ஒரே ஒரு சாவி. "அதுக்குத்தான் ரெண்டு ரெகுலேட்டர் போட்டிருக்கேன்"னு சொல்றவர் உண்டு. சரி, ரொம்ப நல்லது. செத்துப் போகக்கூடிய பாகத்தை ஒண்ணுலருந்து ரெண்டாக்கி, அதுக்குப் பேரு பாதுகாப்பு. தேவையே இல்லாத பாகம் கெட்டுப் போகாதுங்கிற எளிய கணக்கு இவங்களுக்கு ஏனோ பிடிக்கறதில்லை.

இப்போ எடை. லிப்போகாரங்க வாயைத் திறந்தா எடை, எடை, எடை. "லைஃப் பேட்டரி கனம் பாஸ். அதே எம்.ஏ.ஹெச்.சுக்கு லிப்போ அம்பது அறுபது கிராம் கம்மி." ஒத்துக்கறேன், கம்மிதான். ஆனா ஐயா, உங்க ஜெட்டோட மேல்மூடியைக் கொஞ்சம் திறங்க. மூக்குல பளபளன்னு என்ன அது? ஈயம்! டர்பைன் உடலோட பின்பாதியில இருக்கு, பின்னால வால், டெயில் பைப். பெரும்பாலான ஜெட்டுகள் வால் பக்கம் கனமாத்தான் வரும். ஈர்ப்பு மையம் சரியா அமைய மூக்குல கனம் வேணும். அறுபது கிராம் மிச்சம் பிடிக்க லிப்போ வாங்கி, மிச்சம் பிடிச்ச அறுபது கிராமையும் ஈயமா மூக்குல ஒட்டி, எபாக்ஸி ஊத்தி காய வெச்சு... அந்த ஈயம் ஒரு எம்.ஏ.ஹெச்.சாவது கொடுக்குமா? அதே இடத்துல பேட்டரியை வெச்சா கனமும் கிடைக்கும், கரண்டும் கிடைக்கும். ஜெட்டுல ரிசீவர் பேட்டரியோட எடை பல நேரம் இலவசம். இதை நான் சொன்னா "ஆமால்ல?"ன்னு சிரிச்சிட்டு, அடுத்த வாரம் அதே லிப்போவோட வந்து நிப்பார் :-)

தீ விஷயத்தை நான் பூதாகாரமாக்க விரும்பலை. ஒழுங்கா சார்ஜ் பண்ணி, வீங்கினதைத் தூக்கி எறிஞ்சு, செல்லுக்கு 3.8 வோல்ட்ல சேமிச்சு வெச்சா லிப்போ நல்ல பிள்ளை. கேள்வி, ரிசீவர் பேட்டரியை யாராவது அப்படி நடத்துறாங்களா? எலெக்ட்ரிக் விமானத்து லிப்போவை ஒவ்வொரு தடவையும் வெளிய எடுக்கறோம், கண்ணால பார்க்கறோம், தடவிப் பார்க்கறோம். ரிசீவர் பேட்டரி மூக்குக்கு உள்ள, டேங்குக்கு முன்னாடி, வெல்குரோ பட்டியில கட்டுண்டு, மாசக் கணக்குல கிடக்கும். முழு சார்ஜோட. மூடின கார்ல, வெயில்ல. லிப்போவுக்கு ஆகவே ஆகாத ரெண்டு விஷயம் முழு சார்ஜ்ல சும்மா கிடக்கறதும் சூடும். ரெண்டையும் சேர்த்துக் கொடுத்துட்டு, அது வீங்கினா கம்பெனியைத் திட்டறது.

இப்போ என் கட்சி. லித்தியம் இரும்பு பாஸ்பேட். மைதானத்துல சுருக்கமா "லைஃப்"னு சொல்றோம், பேரு தானா அமைஞ்சது. செல்லுக்கு 3.3 வோல்ட், ரெண்டு செல் 6.6. முழு சார்ஜ்ல 7.2, சார்ஜரைக் கழட்டின கொஞ்ச நேரத்துல 6.7 பக்கம் வந்து உக்காந்துடும். அப்புறம் கிட்டத்தட்ட காலியாகற வரைக்கும் அங்கிருந்து பெருசா நகராது. ரெகுலேட்டர் எந்த வேலையைச் செய்யுதோ அந்த வேலையை இங்க வேதியியலே பண்ணுது, அதுவும் சூடாகாம. முழு சார்ஜ்ல மாசக் கணக்குல கிடந்தாலும் லிப்போ மாதிரி உப்பாது. ஆக்சிஜன் அணுக்கள் பாஸ்பரஸோட இறுக்கமா பிணைஞ்சிருக்கறதால, சூடானாலும் கோபால்ட் ஆக்சைடு மாதிரி ஆக்சிஜனை லேசுல விட்டுக் கொடுக்காது. அதனால தீயும் லேசுல பிடிக்காது. ஒரு 26650 செல் எழுபது கிராம் சொச்சம், 2,500 எம்.ஏ.ஹெச். உள்தடை பத்து மில்லி ஓம் அளவுல. பத்து ஆம்பியர் இழுத்தா ரெண்டு செல்லும் சேர்ந்து 0.2 வோல்ட்தான் இறங்கும். மேல நிக்கலுக்குப் போட்ட கணக்கை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்குங்க.

இந்த இடத்துல கொஞ்சம் நம்ம ஊர்ப் பெருமை. இந்தப் பொருளை பேட்டரிக்கு ஏத்ததுன்னு டெக்சாஸ் பல்கலைக்கழகத்துல ஜான் குட்இனஃப் குழு 1997-ல ஆய்வுக் கட்டுரையா வெளியிட்டது. கட்டுரையில அவரோட இருந்த பேருங்க பாதி, நஞ்சுண்டசாமி. அதுக்கும் முன்னாடி எண்பதுகளோட கடைசியிலேயே பாலிஅயனி வகைப் பொருட்கள்ல குட்இனஃபோட வேலை செஞ்சு வழி போட்டவர் அருமுகம் மந்திரம். தமிழ்நாட்டுல அமராபுரம்ங்கிற கிராமத்துல பிறந்து, மதுரையிலயும் ஐ.ஐ.டி. மெட்ராஸ்லயும் படிச்சவர். 2019-ல 97 வயசுல குட்இனஃபுக்கு நோபல் கிடைச்சப்போ, ஸ்டாக்ஹோம்ல அவர் சார்பா நோபல் உரையை வாசிச்சவரும் மந்திரம்தான். அதனால லைஃப் பேட்டரியை "சீனாக்காரன் சரக்கு"ன்னு யாராவது இளப்பமா பேசினா எனக்குக் கொஞ்சம் சுருக்குன்னு இருக்கும்.

மாடல் உலகத்துக்கு இது வந்து சேர்ந்த கதையும் சுவாரஸ்யம். அமெரிக்காவுல ஏ123 கம்பெனி செய்த செல்லை டிவால்ட் 2006-ல 36 வோல்ட் டிரில்லிங் மெஷின் பேட்டரியில போட்டுச்சு. நம்ம ஆளுங்க டிரில் பேட்டரியை வாங்கி, சுத்தியலால உடைச்சு, உள்ள இருந்த பத்து செல்லையும் எடுத்து விமானத்துல போட்டாங்க. புத்தம் புது சாமானை வாங்கின கையோட உடைக்கிறவனைப் பார்த்து கடைக்காரன் என்ன நினைச்சிருப்பான்! அந்தக் கம்பெனி 2012-ல திவாலாகி, அடுத்த வருஷம் சீன வான்சியாங் கைக்குப் போச்சு. செல் மட்டும் சாகலை.

எதிர்க்கட்சி வாதங்களை ஒளிக்காம எடுத்துக்கறேன். நாலு உண்டு.

"லைஃப்ல எவ்வளவு மிச்சம் இருக்குன்னு வோல்ட் மீட்டர்ல தெரியாது." உண்மை. முக்கால் பாகம் இருந்தாலும் கால் பாகம் இருந்தாலும் மீட்டர் கிட்டத்தட்ட ஒரே எண்ணைத்தான் காட்டும். ஸ்விட்சுல இருக்கிற பச்சை விளக்கு கடைசி நிமிஷம் வரைக்கும் பச்சையாவே எரியும், அப்புறம் மலையுச்சியிலிருந்து விழுந்த மாதிரி விழும். ஆனா இது பேட்டரியோட குறையா, பச்சை விளக்கை நம்பற பழக்கத்தோட குறையா? லிப்போலயும் சும்மா இருக்கும்போது பார்க்கிற வோல்டேஜை வெச்சு தோராயமாத்தான் சொல்ல முடியும். ஒழுங்கான வழி ஒண்ணுதான்: பறந்ததுக்கு அப்புறம் சார்ஜர் எத்தனை எம்.ஏ.ஹெச். திருப்பிப் போட்டுச்சுன்னு பார்க்கணும். என் ஜெட்டுல எட்டு சர்வோ, எட்டு நிமிஷப் பறப்பு, திரும்பப் போறது நானூறு சொச்சம். எட்டு நிமிஷத்துல நானூறுன்னா சராசரி மூணு ஆம்பியர். மேல சொன்ன எண் இதுதான். என்கிட்ட 2,500-ல ரெண்டு பேட்டரி. ஆனா கணக்கை 5,000-க்குப் போடறதில்லை, ஒரே ஒரு பேட்டரிக்குத்தான் போடறது. அஞ்சு பறப்பு, ரெண்டாயிரம், நிறுத்து, சார்ஜ் போடு. நடுவுல ஒரு பேட்டரி மண்டையைப் போட்டாலும் மத்தது இறக்கி விட்டுடும்.

"6.6 வோல்ட்ல சர்வோவுக்கு பலம் பத்தாது." சர்வோவோட முறுக்குவிசை ஏறக்குறைய வோல்டேஜ் விகிதத்துல போகும். 7.4-க்கு பதில் 6.6ன்னா 89 சதவீதம். அந்தப் பதினொரு சதவீதம் இல்லாட்டி எலிவேட்டர் அசையாதுன்னா நீங்க வாங்கின சர்வோ தப்பு. 6.6-ல என்ன பலம்னு பார்த்து சர்வோ வாங்குங்க, முடிஞ்சுது. மாறாக, லிப்போவை நேரடியா ஊத்தினா முதல் நிமிஷத்துல 8.4, கடைசியில 7.4. சர்வோ வேகம் மாறிக்கிட்டே இருக்கும். கைரோ வெச்சிருக்கறவங்களுக்கு இது நல்லாவே உறைக்கும்: முதல் சுற்றுல சரியா இருந்த கெய்ன் கடைசி சுற்றுல அப்படி இருக்கறதில்லை.

"குளிர்ல படுத்துடும்." ஓரளவு உண்மைதான். தண்ணி உறையற குளிர்ல லைஃப் கொஞ்சம் தளரும். பனிக்காலத்துல பறக்கறவர் பேட்டரியை வீட்டுக்குள்ள வெச்சிருந்து எடுத்துக்கிட்டு வரணும், அஞ்சு பறப்பை மூணாக்கணும். லிப்போவும் குளிர்ல ஒண்ணும் துள்ளி விளையாடாது.

நாலாவதுதான் எனக்குப் பிடிச்ச வாதம், ஏன்னா இதுல உண்மை நிறைய: "நான் லைஃப் போட்டுப் பார்த்தேன், வோல்டேஜ் தொபுக்கடீர்னு விழுந்துச்சு." என்ன லைஃப்னு கேட்டா, எட்டு டாலர் பை மாதிரி பேட்டரி, டிரான்ஸ்மிட்டர்ல போடறதுக்குன்னு செஞ்சது. டிரான்ஸ்மிட்டர் அரை ஆம்பியர்கூட கேக்காது. அந்தச் சரக்கை ஜெட்டுல போட்டா விழாம என்ன செய்யும்? பேர்ல லைஃப்னு இருக்கறது மட்டும் போதாது, உலோக உருளையில வர்ற, உள்தடை குறைஞ்ச செல்லா இருக்கணும். இதே ஏமாத்து வேலை 18650 லித்தியம் அயன்லயும் உண்டு. 9,900 எம்.ஏ.ஹெச்.னு கூசாம அச்சடிச்சு விப்பாங்க. அந்த அளவு உருளையில யோக்கியமான நல்ல செல் 3,500 பக்கம் கொடுத்தாலே பெரிய விஷயம்.

லைஃபுக்கு ஒரே ஒரு பெரிய ஆபத்து உண்டு, அதை மறைக்க மாட்டேன்: சார்ஜர்ல மோடு மாத்திப் போடறது. லைஃபை லிப்போ மோடுல போட்டா செல்லுக்கு 4.2 வரைக்கும் தள்ளும், பேட்டரி பாழ். மாத்தி, காலி லிப்போவை லைஃப் மோடுல போட்டா இன்னும் மோசம். செல்லுக்கு 3.6-ல நிறுத்திட்டு "முடிஞ்சுது"ன்னு சார்ஜர் பீப் பண்ணும். 3.6-ல லிப்போ கிட்டத்தட்ட காலி! அதனால ரெண்டு ஜாதியையும் ஒரே பையில வெச்சிருக்கறவங்க கனெக்டரையே வேற வேறயா வெச்சுக்கறது நல்லது. அப்புறம், லைஃபை செல்லுக்கு ரெண்டு வோல்ட்டுக்குக் கீழ வடிய விட்டா மீட்கறது கஷ்டம். எலெக்ட்ரானிக் ஸ்விட்ச் அணைச்சிருந்தாலும் துளித்துளியா குடிச்சுக்கிட்டே இருக்கும். சீசன் முடிஞ்சா ஸ்விட்சை நம்பாம பிளக்கையே பிடுங்கி வைங்க.

ஹை வோல்டேஜ் கோஷ்டிக்கு ஒரு சலுகை தர்றேன். இருபது கிலோ ராட்சசன், பதினஞ்சு இருபது சர்வோ, எல்லாமே 8.4 வோல்ட்டுக்குன்னே செஞ்சது, நடுவுல ரெண்டு பேட்டரியையும் தனித்தனியா வாங்கிக்கற நல்ல பவர் பாக்ஸ் வகைச் சாதனம். அங்க ரெண்டு செல் லித்தியம் அயனோ லிப்போவோ நேரடியா போடறது நியாயம். அதிக வோல்டேஜ்ல அதே வேலைக்குக் கரண்ட் குறையும், வயர் இழப்பும் குறையும். அதைச் செய்யறவங்க பெரும்பாலும் கணக்குப் புத்தகம் வெச்சிருக்கறவங்க, அவங்களோட எனக்குச் சண்டை இல்லை. அந்த ராட்சசனைப் பார்த்துட்டு வந்து தன்னோட பத்து கிலோ விமானத்துல பழைய ஸ்விட்ச், பழைய வயரோட லிப்போ மட்டும் மாத்திப் போடறவரோடதான் சண்டை.

வயர்னதும் ஞாபகம் வருது. பேட்டரிக்காக இவ்வளவு அடிச்சுக்கறவங்க அதுக்கும் ரிசீவருக்கும் நடுவுல என்ன இருக்குன்னு பார்க்கறதே இல்லை. 22 கேஜ் வயர், முப்பது சென்டிமீட்டர், போக வர அறுபது. தடை 32 மில்லி ஓம். பத்து ஆம்பியர்ல 0.3 வோல்ட் அங்கேயே போச்சு, அதாவது நல்ல லைஃப் பேட்டரிக்குள்ள இழக்கறதைவிட அதிகம்! அதுக்கு மேல பத்து ரூபாய் சமாச்சாரமான சர்வோ பிளக். அது தொடர்ந்து தாங்கறது ஏதோ மூணு ஆம்பியர். பன்னிரண்டு சர்வோவோட உயிரும் அந்த ஊசி முனை வழியா. பேட்டரியிலிருந்து வர்ற வழி முழுக்கத் தடிச்ச வயர், பெரிய கனெக்டர், பேட்டரிக்கு ஒண்ணா ரெண்டு தனி வழி, ரெண்டு தனி ஸ்விட்ச். அந்த ஸ்விட்சும் கெட்டா 'ஆன்' நிலையிலேயே நிக்கற ரகம்.

ஈ.சி.யூ.வுக்கும் ரிசீவருக்கும் ஒரே பேட்டரி போதும்னு புதுசா ஒரு கிளைக் கட்சி முளைச்சிருக்கு. ஸ்டார்ட்டரும் பம்பும் குடிச்சது போக மிச்சம் எலிவேட்டருக்கு. எனக்குப் பேச ஒண்ணுமில்லை.

ரெண்டு தனி வழி வெச்சா ஒரு உபரி லாபம் இருக்கு, யாரும் சொல்றதில்லை. ஒவ்வொரு பேட்டரிக்கும் திரும்பப் போன எம்.ஏ.ஹெச்.சை நோட்டுல பக்கத்துல பக்கத்துல எழுதுங்க. ரெண்டும் ஏறக்குறைய சமமா வரணும். எங்க மைதானத்து நண்பர் ஒருத்தர் என் தொல்லை தாங்காம எழுத ஆரம்பிச்சார். முதல் சில வாரம் 980, 1,020; 1,010, 990ன்னு ஒழுங்கா ஓடுச்சு. அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை 720, 1,290. அடுத்த வாரம் 410, 1,580. பேட்டரி ரெண்டும் நல்லா இருக்கு, பச்சை விளக்கு ரெண்டும் எரியுது, மீட்டர்ல ரெண்டும் ஒரே வோல்டேஜ். மேல்மூடியைக் கழட்டி வழியா வழியா பார்த்தா, ஒரு ஸ்விட்சுக்குள்ள போற கறுப்பு வயர் உறைக்கு அடியில பச்சை பூத்து, நூல் கணக்கா நாலஞ்சு இழையில தொங்கிக்கிட்டிருந்துச்சு. அந்தப் பக்கத்து பேட்டரி பேருக்குத்தான் இருந்தது. அன்னைக்கு அவர் பறக்க விடலை, வயரை மாத்திட்டு வீட்டுக்குப் போயிட்டார்.

பி.கு: "என் சர்வோவுல 6.0 வோல்ட்னு போட்டிருக்கு, 6.6 போட்டா எரிஞ்சுடாதா?"ன்னு கேக்கறவங்களுக்கு. அஞ்சு செல் நிக்கல் பேட்டரி சார்ஜரிலிருந்து எடுத்த சூட்டோட ஏழு வோல்ட் பக்கம் காட்டும். அந்த சர்வோக்கள் அதையெல்லாம் பார்த்துட்டுத்தான் வந்திருக்கு. ஆனாலும் தயாரிச்சவங்க குறிப்பை ஒரு தடவை பாருங்க. கறாரா 6.0தான்னு எழுதியிருந்தா, குறிப்பா ரொம்பப் பழைய வால் சர்வோவா இருந்தா, ரெகுலேட்டர் தேடாதீங்க, சர்வோவை மாத்துங்க.